அடி எது, முடி எது

வால்டிவியாவில் ஜூலை மாத மழை
நிற்பதில்லை, நடுவே மூச்சு வாங்கிக்கொள்கிறது.
அப்படி ஒரு மூச்சில்
நோல்ஃபா ஆற்றங்கரைக்கு ஓடிப்போய்
நாற்பது வில்லோக் குச்சிகள் வெட்டி வந்தாள்,
கோட்டுப் பையில் கத்தி, பூட்ஸுக்குள் ஆறு.

ஒவ்வொன்றும் ஒரு சாண். இலையில்லை, வேரில்லை.
மேல்நுனியைச் சாய்த்து, அடியை நேராக வெட்டு என்று
தெளிவாகத்தான் சொல்லியிருந்தேன்.
எல்லாவற்றையும் நேராகவே வெட்டியிருந்தாள்.
"மொட்டு பார்க்கிற பக்கம் மேல். தெரியாதா?"
தெரியும்.
பகலில், கண்ணாடி போட்டுக்கொண்டால்.

இருபத்தோராவது குச்சியில் மின்சாரம் போயிற்று.
கைபேசி வெளிச்சம் நோல்ஃபாவின் பல்லிடுக்கில்.
மிச்சத்தைத் தடவித் தடவி
வெட்டுவாயை மருந்து மாவில் தொட்டு
ஈரப்பெட்டிக்குள் கட்டித் தொங்கவிட்டோம்.
எது நேர், எது தலைகீழ்
என்று எழுதிய காகிதத்தைக்
கூரை ஒழுகல் படித்து முடித்துவிட்டது.

அந்த மாவில் பெரும்பங்கு வெறும் டால்க்.
ஆயிரத்தில் மூன்று பங்குதான் மருந்து.
அதுவும் ஆக்சின் அல்ல,
வால் நீண்ட அதன் உறவுக்காரன்.
காயம்பட்ட வாய் குடிக்கிறது.
உள்ளே ஒரு பொடிப் பட்டறையில்
வாலில் இரண்டு கார்பனை நறுக்கிய பிறகுதான்
அதற்கு வேலை செய்யும் பெயர் வருகிறது.

செல்லுக்கு வெளியே சுவரெல்லாம் புளிப்பு.
அந்தப் புளிப்பில் ஒரு புரோட்டானை இடுக்கிக்கொண்டு
மின்சுமை இல்லாமல் சாதுவாகத் திரிகிறது.
கொழுப்புச் சவ்வு அதை யாரென்று கேட்பதில்லை.
உள்ளே புளிப்பு குறைவு;
இடுக்கியது நழுவிவிடும்.
இப்போது சுமை ஏறிவிட்டது,
வந்த வழி இனி வழியில்லை.
வெளியேறப் புரத வாசல்கள் உண்டு.
அவை பெரும்பாலும் அடிப்பக்கத்தில்.
அடுத்த செல்லிலும் அடிப்பக்கத்தில்.
அதற்கடுத்ததிலும்.
மணிக்கு ஒரு சென்டிமீட்டர்.
அவசரம் தெரியாத தபால்காரர்.

அளவு மிஞ்சினால் தண்டு சும்மா இருக்காது.
கொஞ்சத்தைச் சர்க்கரையோடு கட்டிப் பூட்டும்,
கொஞ்சத்தை அமினோ அமிலத்தோடு முடிச்சிட்டுக்
கதையை முடிக்கும்.
அதற்கும் மேல் ஊட்டினால் சாகும்.
போன வருடம் நான் தாராளமாக இருந்தேன்;
ஒரு தட்டு முழுக்கக் கரிக்குச்சி.

பன்னிரண்டாம் நாள் கதவைத் திறந்தோம்.
கண்ணாடி தேவைப்படவில்லை.
சிலவற்றில் வேர் கீழ்முனையில்.
பதினோரு குச்சிகளில் வேர்
மேலே, கயிறு கட்டிய இடத்தில்,
மருந்தே தொடாத முனையில்,
வெள்ளையாக, நகக்கண் அளவுக்கு.
தொட்ட இடம் கீழே
சும்மா ஒரு மொட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"பதினொன்றா!" என்றாள் நோல்ஃபா.
அத்தனை பேரை நாம் இருட்டில் கவிழ்த்திருக்கிறோம்.
அத்தனை பேரும் கவிழ்ந்த நிலையிலேயே
தம் அடிக்கு அனுப்பியிருக்கிறார்கள்,
பூமி இழுக்கும் திசைக்கு எதிராக,
வாசலுக்கு வாசல்.

நான் பிறந்த ஊர் இகிகே.
அங்கே வருடக்கணக்கில் மழை கிடையாது.
இங்கே வந்து ஒன்பது வருடம்;
இன்னும் குடையை மறந்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.
இதை நோல்ஃபாவிடம் சொல்லவில்லை.
சொன்னால் சிரிப்பாள்,
குச்சிக்கும் உனக்கும் என்ன என்பாள், நியாயம்தான்.

இரவுக் காவலுக்கு வந்த எலியேசெர்
பெட்டிக்குள் தலையை நீட்டி வெகுநேரம் பார்த்தார்.
மேலே முளைத்த ஒரு வேர்
வெளியே வந்ததும் கொக்கியாக வளைந்து
தன் தண்டை உரசிக்கொண்டு கீழே இறங்கத் தொடங்கியிருந்தது.
"அப்போ இதற்குத் தரை எங்கே என்று தெரிகிறதே?"

வேருக்குத் தெரியும் என்றேன்.
தண்டுக்கு?

மழை மறுபடி பிடித்துக்கொண்டது.
நோல்ஃபா புதிய காகிதத்தில்
பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தாள்:
பதினேழு, தலைகீழ்.
பிறகு அதை அடித்துவிட்டுக்
குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.